ஒற்றைக் காலில் நிற்கும் கேமராக்கள்

டெஸ்ட் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் இந்தக் காட்சியைக் கவனித்திருக்கலாம். பந்து எல்லைக் கோட்டை நோக்கி ஓடும். அதைத் துரத்திக்கொண்டு வரும் ஃபீல்டர் சறுக்கி விழுவார். கேமரா அவரைக் காட்டும்போது பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரர்களும் தெரிவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு குட்டி பீரங்கி. அந்த பீரங்கியைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு குச்சி.

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் தெருமுனை ஸ்டுடியோவில்கூட மூன்று கால் ஸ்டாண்ட் இருக்கிறது. பல லட்ச ரூபாய் பெறுமான லென்ஸுக்கு ஒற்றைக் கால் மட்டும் ஏன்?

"கை நடுங்கக் கூடாது, அதற்குத்தான்" என்று பலரும் சொல்வார்கள். அது பாதி பதில்தான். நடுக்கத்தை நிறுத்துவதுதான் நோக்கம் என்றால் மூன்று கால் அல்லவா வேண்டும்? விளையாட்டுப் புகைப்படத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், இந்தக் குச்சி நடுக்கத்துக்காக வந்ததல்ல, தோள்பட்டைக்காக வந்தது என்று தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கிரிக்கெட் மைதானத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் பேட்ஸ்மேனுக்கும் நடுவே சுமார் 70 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் படத்தின் அகலம் 36 மி.மீ. அதில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் அந்தத் தூரத்தில் 50 மீட்டர் அகலத்துக்குக் காட்சி விழும். பேட்ஸ்மேன் எறும்பு மாதிரி இருப்பார். 400 மி.மீ. லென்ஸில் அகலம் 6.3 மீட்டர். 600 மி.மீ. லென்ஸில் 4.2 மீட்டர். அப்போதுதான் பேட்ஸ்மேன், கீப்பர், ஸ்டம்ப் என்று படம் படமாகத் தெரியும். இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்க யாராலும் முடியவில்லை. 1905-இல் வெளியான, ஜார்ஜ் பெல்டாம் எடுத்த புகழ்பெற்ற பேட்ஸ்மேன் படங்களை நினைத்துப் பாருங்கள். கிரீஸை விட்டுத் துள்ளி வெளியே வரும் விக்டர் டிரம்பர் படம் இன்றும் சுவரொட்டிகளில் இருக்கிறது. பெல்டாமே மிடில்செக்ஸ் அணிக்கு ஆடியவர். ஆட்டக்காரர்களைத் தனியாக நிற்க வைத்து, பக்கத்தில் போய் எடுத்த படங்கள் அவை. உண்மையான ஆட்டத்தின் நடுவே அவ்வளவு கிட்டப் போக யார் விடுவார்கள்?

தூரத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்றவுடன் வந்தவைதான் இங்கிலாந்தின் 'லாங் டாம்' கேமராக்கள். பெயரே பீரங்கியின் பெயர். போயர் போரில் பிரிட்டிஷ் படைகளை மிரட்டிய பிரெஞ்சுத் தயாரிப்புப் பீரங்கிக்கு லாங் டாம் என்று பெயர். கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கும் பெரிய பெட்டி, அதன் முன்னால் நீளமான குழாய், எல்லாவற்றையும் தாங்க ஒரு கனமான ஸ்டாண்ட். ஒரு முறை எடுத்தால் தட்டை மாற்றியாக வேண்டும். அதாவது ஒரு பந்துக்கு ஒரு படம், அவ்வளவுதான். அது எந்தப் பந்து என்பது எடுப்பவரின் கிரிக்கெட் அறிவைப் பொறுத்தது. கடல் கடந்தும் இதே முறைதான். 1928-இல் சிட்னியில் வாலி ஹாமண்ட் கவர் டிரைவ் அடிக்கும் படத்தை ஹெர்பர்ட் ஃபிஷ்விக் எடுத்தார். கிரிக்கெட்டில் இத்தனை முறை அச்சிடப்பட்ட படங்கள் மிகக் குறைவு. நீண்ட லென்ஸும் பொறுமையும் சேர்ந்த படம் அது.

லாங் டாமைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வர முடியாது. காலையில் ஓர் இடத்தில் நிறுத்தினால் மாலை வரை அங்கேதான். ஸ்டாண்டுக்கு நிலையான இடம் வேண்டும், நல்ல இடங்கள் சிலவே இருக்கும், அந்த இடத்துக்கு உரிமை வேண்டும். இங்கிலாந்தின் பெரிய கிரிக்கெட் மைதானங்களில் அந்த உரிமை ஸ்போர்ட் அண்ட் ஜெனரல், சென்ட்ரல் பிரஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் கையில் பல பத்தாண்டுகள் இருந்தது. மற்ற பத்திரிகைகள் அவர்களிடம்தான் படம் வாங்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில்தான் இந்தக் கதவு திறந்தது. திறந்தவுடன் உள்ளே வந்தவர்களில் முக்கியமானவர் பேட்ரிக் ஈகர். ஹாம்ப்ஷயர் கேப்டனாக இருந்த டெஸ்மண்ட் ஈகரின் மகன். 35 மி.மீ. கேமராவும் மோட்டாரும் நீண்ட லென்ஸும் வைத்துக்கொண்டு, பின்னாளில் 300-க்கும் மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளை எடுத்து முடித்தவர். கதவைத் திறந்தது கேமரா மட்டும்தான் என்று சொல்ல முடியாது. வாரிய நிர்வாகம், பணம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஓர் ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய கருவி வந்த பிறகு, "இந்த இடம் எங்களுடையது" என்று வேலி போட்டு வைப்பது கஷ்டமாகிவிட்டது என்பது நிச்சயம்.

அமெரிக்காவில் இதே வேலைக்கு 'பிக் பெர்த்தா' இருந்தது. இதுவும் பீரங்கிப் பெயரே, முதல் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்தியது. (புகைப்படக்காரர்களுக்கும் பீரங்கிகளுக்கும் அப்படி என்ன உறவோ!) கிராஃப்ளெக்ஸ் பெட்டிக் கேமராவின் முன்னால் பெரிய லென்ஸை மாட்டி, பேஸ்பால் மைதானத்தின் உயரமான இடத்தில் அசையாமல் நிறுத்தி வைப்பார்கள். ஒரே ஆளாகத் தூக்கிச் செல்லும் பொருளே அல்ல.

ஆனால் அந்த அசையாமையிலிருந்து ஓர் அழகான யோசனை பிறந்தது. பேஸ்பாலில் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், ஹோம் என்று நான்கு இடங்களில்தான் முக்கியமான சம்பவங்கள் நடக்கும். கேமரா நகரவில்லை என்றால், ஒவ்வொரு பேஸுக்கும் உள்ள தூரமும் மாறாது. எனவே ஃபோகஸ் செய்யும் நெம்புகோலில் பேஸ் வாரியாகப் பள்ளங்கள் வெட்டி வைத்தார்கள். ஓட்டக்காரர் இரண்டாம் பேஸுக்குப் பாய்கிறாரா? நெம்புகோலை இரண்டாவது பள்ளத்தில் தட்டு, கேமராவைத் திருப்பு, பொத்தானை அழுத்து. கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டோஃபோகஸ் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பு! பின்னாளில் கேனன் நிறுவனத்தின் பெரிய லென்ஸ்களில் ஒரு தூரத்தை நினைவில் வைத்துக்கொண்டு உடனே அங்கே திரும்பும் வசதி வந்தது. அது இந்தப் பள்ளத்தின் பேரன் என்றே சொல்லலாம்.

அசையாத கேமராவுக்கு அகப்படாத படங்களும் உண்டு. 1948 ஜூன் 13-இல் யாங்கி ஸ்டேடியத்தில் நோயுற்றிருந்த பேப் ரூத்துக்குப் பிரியாவிடை. எல்லோரும் அவருடைய முகத்தை எடுக்க முன்னால் நின்றார்கள். நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூனின் நாட் ஃபைன் மட்டும் கையிலிருந்த கேமராவோடு பின்பக்கம் நடந்து போய், சட்டையின் முதுகில் இருந்த 3 என்ற எண்ணை எடுத்தார். அந்த எண்ணுக்கும் அன்றுதான் ஓய்வு கொடுத்தார்கள். 1949-இல் அந்தப் படத்துக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. நீண்ட லென்ஸ் எதுவும் அதில் இல்லை. நடக்க முடிந்தது, அதுதான் விஷயம்.

அப்படியானால் நீண்ட லென்ஸோடும் நடக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு 35 மி.மீ. கேமராக்கள் பதில் சொல்ல ஆரம்பித்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி கார்ல் ஸைஸ் நிறுவனம் 180 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் ஒன்றைச் செய்தது. 'ஒலிம்பியா சோனார்' என்ற செல்லப்பெயர் அதற்கு இன்றும் நிலைத்திருக்கிறது. கனம்தான், ஆனாலும் லாங் டாமோடு ஒப்பிட்டால் பொம்மை. போருக்குப் பிறகு ஜெர்மனியின் மெம்மிங்கன் ஊரில் 1948-இல் தொடங்கிய நோவோஃப்ளெக்ஸ், கைத்துப்பாக்கிப் பிடி வைத்த 400 மி.மீ. லென்ஸ்களைச் செய்தது. பிடியை அழுத்தினால் ஃபோகஸ் நகரும். ஓடி வரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸில் வைத்திருக்க அருமையான ஏற்பாடு. சோவியத் ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய் 'ஃபோட்டோஸ்னைப்பர்' என்றே பெயர் வைத்தது. 1965-இல் வந்த மாடலில் 300 மி.மீ. லென்ஸ், ஜெனிட் கேமரா, கீழே துப்பாக்கிக் கட்டை, விசை எல்லாம் உண்டு. கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்து விசையை இழுத்தால் படம் விழும். இன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஸ்டேடியத்துக்குள் போனால் படம் எடுக்கும் முன் வேறு ஏதாவது நடந்துவிடும் :)

தோள்கட்டை நல்ல யோசனைதான். அது ஏன் நிலைக்கவில்லை? காரணம் வெளிச்சம்.

நோவோஃப்ளெக்ஸ் 400 மி.மீ. லென்ஸின் அபெர்ச்சர் எஃப் 5.6. பகல் வெயிலில் பிரச்னை இல்லை. மாலையில், மின்விளக்கில்? ஒரு மைதானத்தில் எஃப் 5.6-இல் 1/60 விநாடி ஷட்டர் வேகம்தான் கிடைக்கிறது என்றால், ஓடும் கால் வெறும் புகைமூட்டமாகத்தான் விழும். அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், 1/250 கிடைக்கும். ஃபிலிமை 1600 ஐஎஸ்ஓ வரை இழுத்துக் கழுவினால் 1/1000 வரைகூடப் போகலாம். ஆகவே எல்லோரும் எஃப் 2.8 பின்னால் ஓடினார்கள். நிக்கான் 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு 300 மி.மீ. எஃப் 2.8 செய்தது. கேனன் 1975-இல் ஃப்ளோரைட் படிகம் வைத்த தன் 300 மி.மீ. எஃப் 2.8-ஐ வெளியிட்டது. ஃப்ளோரைட் வெப்பத்தில் விரியும். வெயிலில் சூடேறாமல் இருக்கத்தான் இந்த வகை லென்ஸ்களுக்கு வெள்ளைப் பூச்சு. இன்று மைதானத்தில் தெரியும் வெள்ளைக் குழாய்களின் கதை இதுதான். பிறகு 1980-களில் 400 மி.மீ. எஃப் 2.8 வந்தது.

இங்கேதான் தோள்கள் முறிய ஆரம்பித்தன. எஃப் 2.8 என்றால் லென்ஸின் நீளத்தை 2.8-ஆல் வகுத்து வரும் அளவுக்காவது முன்கண்ணாடி அகலமாக இருக்க வேண்டும். 400-ஐ 2.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 143 மி.மீ. ஒரு சாப்பாட்டுத் தட்டின் பக்கம் வந்துவிட்டது! எஃப் 5.6 என்றால் 71 மி.மீ. போதும். வித்தியாசத்தைத் தராசில் பார்க்கலாம். 1993-இல் வந்த கேனன் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் 1.25 கிலோ. 1999-இல் வந்த 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 5.37 கிலோ. கேமராவையும் பேட்டரியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஏழு கிலோ. ஒரு கால்பந்தாட்டம் 90 நிமிடம். ஏழு கிலோ அரிசிப் பையை முகத்துக்கு நேரே இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தால், மீதி 88 நிமிடம் எப்படி இருக்கும் என்று புரியும். தோள்கட்டை இங்கே எந்த உதவியும் செய்யாது. அது கனத்தைத் தோளுக்கே அல்லவா தருகிறது?

கனத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். மூன்று கால் ஸ்டாண்ட் தாங்கும், ஆனால் மைதானத்தின் ஓரத்தில் அதை விரிக்க இடம் ஏது? பக்கத்தில் பத்துப் பேர் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பார்கள். கோல் போஸ்ட் பக்கமிருந்து மூலைக்கு ஓட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட, பந்தைத் துரத்தி முழு வேகத்தில் வரும் ஆட்டக்காரர் விரித்த மூன்று கால்களுக்குள் விழுந்தால் அவருடைய எலும்புக்கு யார் பொறுப்பு? பல மைதானங்களில் ஓரத்தில் ட்ரைபாட் கூடாது என்று விதியே உண்டு. ஒற்றைக் குச்சி என்றால் ஆள் சாயும்போது அதுவும் சேர்ந்து சாய்ந்துவிடும்.

மோனோபாட் ஜெயித்தது இப்படித்தான். படம் நடுங்குமா என்ற கேள்வி கிட்டத்தட்ட அடிபட்டே போகிறது. 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடிக்க 1/400 விநாடியாவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. ஓடுபவரை உறைய வைக்க எப்படியும் 1/1000 வேண்டும். அந்த வேகத்தில் கைநடுக்கம் பெரும்பாலும் படத்தில் தெரியாது. மோனோபாட் கீழே விழாமல் தாங்குகிறது, மேலும் கீழும் ஆடாமல் பிடிக்கிறது, இடமும் வலமும் திரும்ப முழுச் சுதந்திரம் தருகிறது. ஓடுபவரைப் பின்தொடர வேண்டியதும் அந்தத் திசையில்தானே? மீதி இரண்டு கால்கள் புகைப்படக்காரரிடம் ஏற்கனவே இருக்கின்றன. ஆக மொத்தம் மூன்று கால்.

இத்தாலியின் பசானோ தெல் கிராப்பா ஊரில் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்த லீனோ மன்ஃப்ரோட்டோ தன் தேவைக்கு ஸ்டாண்டுகள் செய்யத் தொடங்கி, 1970-களில் அதையே பெரிய தொழிலாக்கினார். பிரான்ஸின் கிட்ஸோ 1994-இல் கார்பன் ஃபைபர் ட்ரைபாடைக் கொண்டுவந்தது. கார்பன் கால்கள் எடை குறைவு, குளிரில் கையைச் சுடாது. மலையேறுபவருக்கு அது வரம். ஆனால் மைதானத்து மோனோபாடில் கார்பனுக்குக் கொட்டிக் கொடுப்பது கொஞ்சம் ஆடம்பரம்தான். ஐந்து கிலோ லென்ஸைச் சுமப்பவருக்கு இருநூறு கிராம் குறைந்து என்ன ஆகப் போகிறது? அதைவிட முக்கியம் குச்சியின் பூட்டு. லென்ஸின் எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். வியர்வைக் கையாலும் இறுக்க முடிய வேண்டும். மடக்கிய நீளத்தையும் பார்க்க வேண்டும். விளையாட்டை எடுப்பவர்கள் பெரும்பாலும் மண்டியிட்டுத்தான் எடுக்கிறார்கள். தாழ்வாக இருந்து எடுத்தால்தான் ஆட்டக்காரர் உயர்ந்து தெரிவார், பின்னால் விளம்பரப் பலகைக்குப் பதில் கூட்டம் வரும். முழங்கால் உயரத்துக்கு இறங்காத மோனோபாட் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்று: குச்சியை லென்ஸின் கழுத்துப் பட்டையில் உள்ள பாதத்தில் திருக வேண்டும், கேமராவின் அடியில் அல்ல. கேமராவில் திருகினால் ஐந்து கிலோவும் லென்ஸ் மாட்டும் வளையத்தில் தொங்கும். பட்டையில் மாட்டினால் எடை நடுவில் விழும். கேமராவைப் படுக்கைவசத்திலிருந்து நெடுக்குவசமாகத் திருப்பவும் குச்சியைத் தொட வேண்டாம். நடுவில் பந்துத் தலை மாட்டுவது ஆபத்து. பிடி தளர்ந்தால் லென்ஸ் தலைகீழாகக் கவிழும். முன்னும் பின்னும் மட்டும் சாயும் தலை போதும். எதுவுமே இல்லாமல் நேரடியாகத் திருகி வைத்திருப்பவர்களும் ஏராளம்.

ட்ரைபாட் முழுக்கத் தோற்றுவிடவில்லை. பறவை எடுப்பவர்களுக்காக அமெரிக்காவின் விம்பர்லி குடும்பம் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தலையில் பெரிய லென்ஸ் ஊஞ்சல் மாதிரித் தொங்கும். ஒரு விரலால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். நாள் முழுக்க ஓரிடத்தில் உட்காரும் கிரிக்கெட் வேலைக்கு, இடம் இருந்தால், இதைவிடச் சுகம் இல்லை. லாங் டாம் உட்கார்ந்த மாதிரியேதான்!

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. அதே 1999-இல் கேனனின் பெரிய லென்ஸ்களுக்குள் நடுக்கத்தைச் சரிசெய்யும் ஐஎஸ் வந்தது. 2007-இல் நிக்கான் டி3 கேமரா 6400 ஐஎஸ்ஓவிலும் பத்திரிகைக்கு ஆகிற படம் தந்தது. அப்போது எஃப் 4 லென்ஸும் பல இடங்களில் போதும் என்றாயிற்று. கண்ணாடியின் எடையும் இறங்கியது. கேனன் 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 2011-இல் 3.85 கிலோ, 2018-இல் 2.84 கிலோ. இருபது வருடத்துக்குள் ஏறக்குறைய பாதி. கடைசி மாடலில் கண்ணாடிகளை முன்பக்கத்திலிருந்து கேமராப் பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். முன்னால் இழுக்கும் கனம் குறைந்ததால் கையில் பிடிப்பது சுலபமானது. அதே 2018-இல் சோனியும் 2.9 கிலோவுக்குள் ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது 400 எஃப் 2.8 லென்ஸைக் கையிலேயே பிடித்து எடுப்பவர்களையும் மைதானத்தில் பார்க்கலாம். குச்சி ஓய்வு நேரத்தில் சாய்ந்துகொள்ள மட்டும்.

ஆனால் புது லென்ஸின் விலை ஒரு காரின் விலை. கல்லூரி மைதானத்தில் படம் எடுத்துப் பழகி, இந்தத் தொழிலுக்குள் வரப் பார்க்கும் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய 1999 மாடல்தான், இரண்டு மூன்று கை மாறி, வெள்ளைப் பெயிண்ட் உரிந்து வரும். கண்ணாடி நன்றாக இருந்தால் படத்தில் குறை இருக்காது. எடை மட்டும் அதே 5.37 கிலோ. அதை வாங்குகிற அன்றே ஒரு நல்ல மோனோபாடுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.